அனுபவத்தை எதைக் கொண்டு எடைபோடுவது? தேன்கனிக்கோட்டை வாக்காளரை முன்வைத்து

ஒரு தொகுதி, பல கொடிகள்

தேன்கனிக்கோட்டை இருப்பது தளி சட்டமன்றத் தொகுதியில். 1991 முதல் 2021 வரை இத்தொகுதியில் வென்ற கட்சிகளை வரிசையாக எழுதினால் பட்டியல் இப்படி அமையும்: காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட், பாரதிய ஜனதா, சுயேச்சை, இந்தியக் கம்யூனிஸ்ட், திமுக, இந்தியக் கம்யூனிஸ்ட். ஏழு பொதுத்தேர்தல்களில் எந்தக் கட்சியும் அடுத்தடுத்து இருமுறை வெல்லவில்லை. கம்யூனிஸ்டுக்கு அடுத்து பாஜக என்ற வரிசை, கொள்கையை வைத்துத் தேர்தலைப் புரிந்துகொள்ள முயல்பவர்களுக்குக் குழப்பத்தையே தரும்.

கட்சியின் பெயரை விட்டுவிட்டு ஆளின் பெயரைப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. 2006இல் சுயேச்சையாக வென்ற டி. இராமச்சந்திரன், 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளராக அதிமுக அணியிலும், 2021இல் அதே கட்சியின் வேட்பாளராகத் திமுக அணியிலும் நின்று வென்றார். இடையில் 2016இல் மக்கள் நலக் கூட்டணியின் சார்பில் போட்டியிட்டார். அந்தக் கூட்டணிக்கு மாநிலம் முழுவதும் ஓரிடமும் கிடைக்காத தேர்தல் அது. அப்போதும் தளியில் அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். வென்றவர் திமுகவின் ஒய். பிரகாஷ். சின்னமும் அணியும் மாறியபோதும் ஒரே மனிதரைச் சுற்றி வாக்கு திரண்டிருக்கிறது.

இதை வைத்து, ‘தேன்கனிக்கோட்டை வாக்காளர்கள் கட்சியைப் பார்ப்பதில்லை, அனுபவத்தைப் பார்த்து வாக்களிக்கிறார்கள்’ என்று முடிவுகட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. சாதிக் கணக்கு, கூட்டணிக் கணக்கு, பணபலம், குடும்பச் செல்வாக்கு ஆகிய அனைத்தும் இதே முடிவைத் தரக்கூடியவை. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு எல்லைகளும் மாறியிருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் தளியும் 2011ஆம் ஆண்டின் தளியும் ஒன்றல்ல. ஆகவே, முடிவுகளிலிருந்து வாக்காளரின் மனத்தைப் படிப்பதை இக்கட்டுரை தவிர்க்கிறது. அது எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: ஒரு வேட்பாளரின் முன்னனுபவத்தை எடைபோட விரும்பும் வாக்காளருக்கு அதற்கான கருவிகள் இருக்கின்றனவா? இருப்பவை எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன?

என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்பகுதி வாக்காளர் அனுபவத்தை எடைபோடுகிறார். அவர் அளக்கும் முறையும் நியாயமானதே. ஆனால் தன் கண்ணுக்கு எட்டும் அனுபவத்தை மட்டுமே அவரால் எடைபோட முடிகிறது. சட்டமன்றத்துக்குள்ளும் அரசுக் கோப்புகளுக்குள்ளும் நடப்பது அவருடைய தராசுக்கு வந்து சேர்வதே இல்லை. அப்படி வந்து சேராமல் இருப்பது தற்செயல் அன்று; நம் தேர்தல் நடைமுறையே அப்படி அமைந்திருக்கிறது.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

வாக்காளர் முன்னோக்கி வாக்களிக்கிறாரா, பின்னோக்கியா என்பது அரசியல் அறிவியலின் பழைய விவாதம். அமெரிக்க அறிஞர் வி. ஓ. கீ 1966இலும், மாரிஸ் ஃபியோரினா 1981இலும் வெளியிட்ட நூல்கள், வாக்குறுதிகளைக் காட்டிலும் கடந்தகாலச் செயல்பாட்டையே வாக்காளர் முதன்மையாகக் கொள்கிறார் என்ற பார்வைக்கு அடித்தளமிட்டன. இந்தப் பார்வையில் அனுபவம் என்பது ஒரு சாட்சியம்: பதவியில் இருந்தவரைப் பற்றி நமக்கு ஏதோ தெரியும், புதியவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்தியத் தரவுகள் இதற்கு ஒரு திருகலைச் சேர்த்தன. அமெரிக்காவில் பதவியில் இருப்பவருக்கு அடுத்த தேர்தலில் சாதகம் கிடைக்கிறது. லீ லிண்டன் 2004இல் நம் மக்களவைத் தேர்தல்களை ஆராய்ந்தார். யோகேஷ் உப்பல் 2009இல் மாநிலச் சட்டமன்றங்களை ஆராய்ந்தார். மயிரிழையில் வென்றவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்ட இருவரும் ஒரே திசையில்தான் வந்து சேர்ந்தார்கள்: 1990களுக்குப் பின் இந்தியாவில் பதவியில் இருப்பதே பாதகம். பொதுச் சேவைகள் மோசமாக இருக்கும் மாநிலங்களில் இந்தப் பாதகம் கூடுதலாக இருப்பதையும் உப்பல் கண்டார். தமிழக நாளேடுகள் ‘ஆட்சிக்கு எதிரான மனநிலை’ என்று ஒரே தொடரில் சொல்லிக் கடந்துவிடும் விஷயம் இதுவே.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது இராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் இடஒதுக்கீட்டின் வழியே ஊராட்சித் தலைவர்களான பெண்கள், ஆண் தலைவர்களைவிடப் படிப்பிலும் பொது அனுபவத்திலும் குறைந்தவர்கள். ஆனால் அவர்களுடைய ஊராட்சிகள், ஊர்ப்பெண்கள் அதிகம் புகார் சொன்ன குடிநீர் போன்றவற்றில் கூடுதலாக முதலீடு செய்தன. தண்ணீருக்காக நடந்த கால்களின் அனுபவம் எந்த விண்ணப்பப் படிவத்திலும் பதிவாவதில்லை. பதவி அனுபவம் குறைவு என்பதாலேயே ஒருவரை அனுபவமற்றவர் என்று ஒதுக்கும் வழக்கத்தை இந்த ஒரு சான்றே கேள்விக்குள்ளாக்குகிறது.

எதிர்ப்பக்கத்துச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் சில மாநிலங்கள், கலிபோர்னியா உட்பட, 1990 முதல் சட்டமன்ற உறுப்பினர் பதவிக்குக் கால வரம்பு விதித்தன. அனுபவசாலிகள் வெளியேறிப் புதியவர்கள் நிறைந்த அவைகள் ஆளுநருக்கு ஈடுகொடுக்க முடியாமல் வலுவிழந்ததைத் தாட் கௌசர் 2005இல் விரிவாகப் பதிவுசெய்தார். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் முரண் இல்லை. ஊரின் தேவையை அறிவது ஓர் அனுபவம்; அரசை மடக்கிக் கேள்வி கேட்பது வேறோர் அனுபவம்.

கேழ்வரகு வயலிலிருந்து கோப்பு வரை

இந்த வேறுபாட்டைத் தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் எளிதாகக் காணலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டித் தளி, ஜவளகிரி, நொகனூர், ஊடேதுர்க்கம் என்று இறங்கி, சானமாவு வரை போகும். கேழ்வரகு முற்றும் பருவமும் அதுதான். பரண்மேல் இரவெல்லாம் விழித்திருந்து, தகரம் தட்டி, பட்டாசு வெடித்துக் காவல் காத்தும், ஒரே இரவில் அரை ஏக்கர் போய்விடும். காலையில் மிதிபட்ட தாளும் ஒடிந்த கதிரும் மட்டுமே கிடக்கும் வயலில் நின்றுகொண்டு விவசாயி செய்யும் முதல் காரியம், யாரையாவது போனில் அழைப்பது.

இழப்பீட்டுக்கு மனு எழுத வேண்டும். நிலம் தன்னுடையது என்று காட்டப் பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். விஏஓ கையெழுத்து வேண்டும். சேதத்தை மதிப்பிட வேளாண் துறையோ தோட்டக்கலைத் துறையோ வர வேண்டும். வனச்சரகரின் மேசையைத் தாண்டிக் கோப்பு ஓசூரில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்குப் போக வேண்டும். குத்தகைக்குப் பயிரிட்டவருக்கும், காட்டையொட்டிய நிலத்தில் பட்டா இல்லாமல் தலைமுறையாக உழுபவருக்கும் முதல் படியிலேயே கதவு அடைபடுகிறது. இந்த நிலையில் ‘அனுபவமுள்ள எம்எல்ஏ’ என்றால் விவசாயிக்கு அர்த்தம் தெளிவானது: எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று தெரிந்தவர், ரேஞ்சர் போனை எடுக்கிற அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர், கூப்பிட்டால் வருகிறவர். இது சிறுமைப்படுத்தத்தக்க எதிர்பார்ப்பு அன்று. ஜெனிஃபர் பசல் 2019இல் வெளியிட்ட நூலில், இந்திய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தம் நேரத்தில் கணிசமான பகுதியை இத்தகைய தனிமனித மனுக்களில் செலவிடுவதையும், பெரும்பாலும் மனுதாரரின் கட்சியைக் கேட்காமலே உதவுவதையும் காட்டினார். கீழ்மட்டத்தில் கதவு திறக்காதவர்கள்தான் மேலே ஏறி வருகிறார்கள் என்பது அவருடைய விளக்கம்.

இந்த அனுபவத்தின் எல்லையையும் இதே வயலில் பார்க்கலாம். இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதை ரேஞ்சர் தீர்மானிப்பதில்லை, அரசாணை தீர்மானிக்கிறது. பட்டா இல்லாதவருக்கும் இழப்பீடு உண்டா என்பதும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரிய மனுக்கள் ஏன் தேங்குகின்றன என்பதும், இரு மாநில வனத்துறைகளும் யானை வழித்தடத்தில் எப்படி இணைந்து வேலைசெய்ய வேண்டும் என்பதும் சென்னையில் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுப்பவேண்டிய கேள்விகள். ஓர் உறுப்பினர் ஐந்தாண்டுகளில் இவற்றில் எத்தனை கேள்விகளை எழுப்பினார், என்ன பதில் வாங்கினார் என்பது ஜவளகிரி விவசாயிக்கு எந்த வழியிலும் வந்து சேர்வதில்லை. போனை எடுத்தவரை அவருக்குத் தெரியும். அரசாணையை மாற்றப் போராடியவர் ஒருவர் இருந்திருந்தாலும் அவரைத் தெரிந்திருக்காது.

எல்லைப்பகுதிக்கே உரிய மற்றொரு தகுதியையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் வட்டாரம் இது. மனுவை மனுதாரரின் மொழியில் கேட்கத் தெரிந்திருப்பது இங்கே அலங்காரமல்ல, வேலையின் ஒரு பகுதி. ஓசூர் சட்டமன்ற உறுப்பினராக மூன்று முறை இருந்து, 2024இல் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினரான கே. கோபிநாத் தெலுங்கில் பதவியேற்றது சென்னையில் வியப்பாகப் பார்க்கப்பட்டது. ஓசூரில் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை.

தொரப்பள்ளி தரும் சான்று

அனுபவம் நல்லாட்சிக்கு உத்தரவாதம் தருமா என்ற கேள்விக்கு இம்மண்ணிலேயே ஒரு பெரிய வழக்கு உள்ளது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியைவிட அதிகப் பதவி அனுபவத்தோடு எவரும் சென்னை மாநிலத்தின் முதல்வராகவில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர், 1937 முதல் 1939 வரை மாகாணப் பிரதமர், பிறகு மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர். 1952 தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காதபோது அவரை அழைத்துவந்ததற்கு இந்த அனுபவமே காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் தேர்தலில் நிற்கவில்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார்.

பதவியேற்ற சில மாதங்களிலேயே அவர் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதிகாரிகளின் அச்சத்தை மீறி எடுத்த அந்த முடிவு பலித்தது. சரக்கும் சந்தையும் நிர்வாகமும் எப்படி இயங்கும் என்பதை நீண்டகாலம் பார்த்தவரின் துணிவு அது. அடுத்த ஆண்டு, 1953இல், அதே மனிதர் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதிநேரப் படிப்பு, மீதிநேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அத்திட்டம், 1954இல் அவர் பதவி விலகவும் காரணமாயிற்று. பின்னால் வந்த காமராசர் அதற்குமுன் ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை. காங்கிரஸ் கட்சியை ஊர் ஊராகக் கட்டிய அனுபவமே அவருக்குப் பெரிதும் இருந்தது. திட்டம் கைவிடப்பட்டது.

இதைப் படித்த மேட்டிமையின் தோல்வி என்றோ, எளியவரின் வெற்றி என்றோ கதையாக்குவது சுலபம். நான் எடுத்துக்கொள்வது வேறு. தானியக் கட்டுப்பாட்டை நீக்கியபோது ராஜாஜியின் அனுபவம் அவர் தீர்க்கவந்த சிக்கலோடு பொருந்தியது. பள்ளித் திட்டத்தில் பொருந்தவில்லை. உழவரின், நெசவாளரின், சலவைத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்னவாக இருந்தது என்பது எந்த மாளிகையிலும் கற்க முடியாதது. அதைச் சொல்லித் திருத்தக்கூடிய வாக்காளரிடம் போய் நிற்கவேண்டிய தேவையும் அவருக்கு ஏற்படவில்லை. எந்தச் சிக்கலுக்கு என்ற கேள்வியைச் சேர்க்காமல் அனுபவத்தின் அளவை மட்டும் சொன்னால் அது எதையும் முன்னறிவிக்காது.

பர்கூர் தொகுதியின் 1996 முடிவு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை. பதவியிலிருந்த முதலமைச்சர் ஜெயலலிதா, திமுகவின் இ. ஜி. சுகவனத்திடம் அத்தொகுதியில் தோற்றார். அனுபவத்தை வாக்காளர்கள் எடைபோட்டு நிராகரித்தார்கள் என்று இதைப் பலர் படிக்கிறார்கள். ஆனால் அதிமுக மாநிலம் முழுவதும் நான்கே இடங்களில் வென்ற ஆண்டு அது. அலை அடிக்கும்போது தனிமனிதத் தராசுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். அதிலிருந்து தனிமனிதரைப் பற்றிய தீர்ப்பைப் பிரித்தெடுக்க முடியாது.

நகராட்சிப் படிக்கட்டு

ஓசூர் தொகுதி அண்மைக் காலத்தில் ஒரு பயனுள்ள உதாரணத்தைத் தருகிறது. 2016இல் மூன்றுமுறை உறுப்பினரான கோபிநாத்தை வென்ற அதிமுகவின் பி. பாலகிருஷ்ண ரெட்டி, அதற்கு முன் ஓசூர் நகராட்சித் தலைவராக இருந்தவர். பிறகு அமைச்சரான அவர், பழைய போராட்ட வழக்கொன்றில் சிறப்பு நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பால் பதவியிழந்தார். இடைத்தேர்தலில் வென்ற திமுகவின் எஸ். ஏ. சத்யாவும் முன்னாள் நகராட்சித் தலைவரே. 2021இல் தளித் தொகுதி கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கப்பட, தளியின் பிரகாஷ் ஓசூருக்கு மாற்றப்பட்டு வென்றார். சத்யா 2022இல் ஓசூர் மாநகராட்சியின் முதல் மேயரானார்.

இதில் இரண்டு விஷயங்கள் உள்ளன. நகராட்சித் தலைவர் பதவி சட்டமன்றத்துக்கு ஒரு படிக்கட்டாக இருந்திருக்கிறது; குப்பை, குடிநீர், தெருவிளக்கு என்று அன்றாடம் கண்ணில் படும் வேலைகளில் ஒருவரைப் பார்த்துவிட்டு மேலே அனுப்பும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்து அனுபவத்தை எடைபோட இதைவிட நல்ல முறை நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு தொகுதியில் ஈட்டிய அனுபவத்தை இன்னொரு தொகுதிக்கு எடுத்துப்போவதைத் தீர்மானிப்பது கூட்டணிப் பேச்சுவார்த்தை மேசை. தளியில் ஐந்தாண்டுகள் பிரகாஷ் செய்தது சரியா தவறா என்று சொல்லும் வாய்ப்பு 2021இல் தளி மக்களுக்குத் தரப்படவே இல்லை.

கிராமப்புறத்தில் படிக்கட்டே இடிந்து கிடக்கிறது. 2016 அக்டோபரில் முடிந்த ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலத்துக்குப் பிறகு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். கெலமங்கலம், தளி ஒன்றியங்களின் ஊராட்சிகளில் ஒரு பெண் தலைவர் ஐந்தாண்டுகளில் கற்றது, தொடர்ச்சியற்று நின்றுபோகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. சட்டமன்ற வேட்பாளர் பட்டியலில் பெண்கள் குறைவாக இருப்பதற்குக் கட்சிகள் தரும் வழக்கமான விடை, ‘அனுபவமுள்ள பெண்கள் கிடைப்பதில்லை’ என்பது. அனுபவம் பெறும் இடத்தை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டு இந்த விடையைச் சொல்வது நேர்மையற்றது.

யார் கொண்டுவந்த தண்ணீர்?

அனுபவத்தை எடைபோடும்போது வேட்பாளர் முன்வைக்கும் சாதனைகளை எவ்வளவு நம்பலாம்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொண்டுவருவது அதன் நோக்கம். கர்நாடகத்தின் இசைவு 1998இல் கிடைத்தது. 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஏப்ரலில் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்ப, அங்கே தேர்தல் முடியட்டும் என்று சிறிது காலம் நிறுத்திவைத்தார். ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாயில் நிறைவேறிய திட்டத்தை 2013 மே மாதத்தில் ஜெயலலிதா தொடங்கிவைத்தார்.

அதன்பின் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் இரு கழகங்களும் இத்திட்டத்தைத் தமதென்று சொல்லின. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இம்மாவட்டத்தின் எந்த ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அனுபவக் கணக்கிலும் இதை வரவு வைக்க முடியாது. பதினைந்து ஆண்டுகள், பல ஆட்சிகள், பொறியாளர்கள், ஒரு வெளிநாட்டு வங்கி, அண்டை மாநிலம் ஆகிய அனைத்தும் சேர்ந்த விளைவு அது. உறுப்பினரிடம் கேட்கத்தக்கது சிறிய கேள்வி: மேல்நிலைத் தொட்டிவரை வந்த ஒகேனக்கல் நீர், உங்கள் ஐந்தாண்டுகளில் எந்தெந்தக் குக்கிராமத்துக் குழாய்க்கு வந்தது, எங்கே வரவில்லை? சாலை, பாலம், கல்லூரி, அண்மையில் பேசப்படும் ஓசூர் விமான நிலையம் வரை எல்லாப் பெருந்திட்டங்களுக்கும் இந்தக் கழிவு பொருந்தும். உறுப்பினரின் சொந்த முடிவில் செலவாவது ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. அது எங்கே போயிற்று என்பதில்தான் அவருடைய கையெழுத்து நேரடியாக இருக்கிறது.

இங்கே கணக்கில் வராத மக்களையும் நினைக்க வேண்டும். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கான பேருந்து, மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றில் ஓர் உறுப்பினர் நன்றாகச் செயல்பட்டாலும், செயல்படாவிட்டாலும், அதை எடைபோடும் வாக்கு இந்தத் தொகுதியில் இல்லை.

படிவம் 26இல் இல்லாத பக்கம்

வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்திலும், அதை உறுதிசெய்து 2003 மார்ச்சிலும் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகத்தான் ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார். அதைக் கையிலெடுத்துப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு, நிலுவையிலுள்ள வழக்குகள், தண்டனைகள், மனைவி அல்லது கணவரின் நகை, வாகனம், நிலம், கடன், அரசுக்குச் செலுத்தவேண்டிய பாக்கி, தொழில், கடைசியாகக் கல்வித் தகுதி. முன்பு வகித்த பொதுப்பதவிகள் எவை, அவற்றில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு உத்தரவு பிறப்பித்தது. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தும் கட்சி, அதற்கான காரணத்தைப் பொதுவெளியில் சொல்ல வேண்டும். வெல்லக்கூடியவர் என்பது காரணமாகாது, தகுதியும் சாதனையும் சொல்லப்பட வேண்டும். இந்த உத்தரவை நான் வரவேற்கிறேன். ஆனால் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். இந்திய நடைமுறையில் ஒரு கட்சி தன் வேட்பாளரின் தகுதியை எழுத்தில் சொல்லியாக வேண்டிய ஒரே சந்தர்ப்பம், அவர்மீது வழக்கு இருக்கும்போதுதான். வழக்கில்லாத வேட்பாளருக்கு ஏன் சீட் கொடுத்தோம் என்று எந்தக் கட்சியும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தகவல் கொடுத்தால் மட்டும் வாக்கு மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2008 டெல்லி சட்டமன்றத் தேர்தலின்போது சதர்க் நாகரிக் சங்கடன் என்ற அமைப்பு தகவலறியும் உரிமைச் சட்டத்தின் வழியே திரட்டிய விவரங்களைக் கொண்டு, உறுப்பினர்களின் செயல்பாட்டு அட்டைகள் தயாராயின. அவற்றை அச்சிட்ட நாளேடுகள் குடிசைப் பகுதிகளில் விநியோகிக்கப்பட்டன. அபிஜித் பானர்ஜி, ரோகிணி பாண்டே உள்ளிட்டோர் இதைச் சோதனை முறையில் ஆராய்ந்தனர். அட்டை கிடைத்த பகுதிகளில் வாக்குப்பதிவு கூடியது. நன்றாகச் செயல்பட்ட உறுப்பினர்களுக்குக் கூடுதல் வாக்கு கிடைத்தது. டெல்லி நகரமும் இப்பகுதியின் அஞ்செட்டி மலையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஏழைகள் இதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்ற வாதத்துக்காவது அந்தச் சோதனை பதிலளித்துவிட்டது.

எடைக்கல்

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, அனுபவத்தை ஆண்டுகளால் அளப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் துணிபு. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதைக் கடுமையாகவே கையாண்டது. அது நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமணர்களின் சபைக்கு எழுதிய விதி; இன்றைய மக்களாட்சிக்கு முன்னோடி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. ஆயினும் அதில் உள்ள இரண்டு தடைகள் கவனிக்கத்தக்கவை. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்கள். பதவியில் இருந்ததைவிட, கணக்கை ஒப்படைத்தாரா இல்லையா என்பதையே அந்த விதி பெரிதாகக் கொண்டது.

முதல் தடையை நான் ஏற்கவில்லை. கலிபோர்னியா தரும் பாடம் அதற்கு எதிரானது. இரண்டாவதை ஏற்கிறேன். பதவியில் இருந்த வேட்பாளர் கணக்குக் காட்டட்டும். புதியவராக இருந்தால், பதவிக்கு வெளியே எதைச் சுமந்தார் என்று கேட்கலாம்: கிராம சபையில் எழுந்து பேசியிருக்கிறாரா, ஜமாபந்தியில் பிறர் மனுவுக்காக நின்றிருக்கிறாரா, தொழிற்சங்கத்திலோ பால் கூட்டுறவுச் சங்கத்திலோ சுயஉதவிக் குழுவிலோ பிறர் பணத்துக்குக் கணக்கெழுதியிருக்கிறாரா? இவை பொதுப்பதவி அல்ல. ஆனால் பொதுப்பதவிக்கு இவற்றைவிட நெருக்கமான பயிற்சி இல்லை. இரு தரப்பும் இப்படிக் கணக்குக் காட்டினால், மூன்றுமுறை இருந்தவரைவிட முதன்முறை நிற்பவரின் கணக்கு கனமாக இருக்கவும் கூடும்.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. வருகைப் பதிவேடும் கேட்கப்பட்ட வினாக்களும் சட்டமன்றச் செயலகத்தில் உள்ளன. தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்த ஊருக்கு எந்த வேலை என்ற பட்டியல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கிறது. தொகுதிக்குப் பத்து முதன்மைக் கோரிக்கைகளைத் தருமாறு 2022இல் முதலமைச்சர் உறுப்பினர்களைக் கேட்டார்; அப்படித் தரப்பட்டவையும் அவற்றின் நிலையும் தலைமைச் செயலகத்தில் உள்ளன. மூன்றையும் தொகுத்தால் ஒரு தொகுதிக்கு நான்கு பக்கம் வரும். வேட்புமனு வாங்கும் நாளுக்கு முன் அந்த நான்கு பக்கத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் அச்சிட்டு, தேன்கனிக்கோட்டை வட்டாட்சியர் அலுவலகத்திலும், தளி, கெலமங்கலம் ஒன்றிய அலுவலகங்களிலும், ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒட்டவேண்டிய பொறுப்பைத் தேர்தல் ஆணையம் ஏற்க வேண்டும்.